சோதனைப் பக்கம்

மயில்சாமி வீட்டில் நெட் நிற்பதில்லையென்று
இந்த மாதம் மூணாந்தரம் கூப்பிடுகிறார்கள்.

முதல் தரம், ரவுட்டருக்குள் பஞ்சு.
சோமனூர்ப் பக்கம் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பஞ்சுதான்,
என் மூக்கிலும்தான். ஊதிவிட்டு வந்தேன்.
இரண்டாந்தரம், தறி அதிர்வில்
முனை கழன்றிருக்கும் என்று வெட்டி
எட்டு நரம்பையும் நிறம் பார்த்து அடுக்கிப்
புதுத்தலை கடித்தேன்.
ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம்,
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
கணியூர் டோல்கேட் தாண்டுமுன் போன்:
"ஏனுங் தம்பி, மறுக்காவும் போயிருச்சுங்."

இன்று ஞாயிறு. தறி நின்றபின்னும்
காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற வீடு.
பாதி வீடு என்று சொல்ல வேண்டும்.
ஆசாரத்தின் நடுவே ஹாலோபிளாக் சுவர்,
நாலு வருஷமாய்ப் பூசாமல்.
அந்தப் பக்கம் அண்ணன் தெய்வசிகாமணி.
பன்னிரண்டு தறி இவருக்கு, பன்னிரண்டு அவருக்கு,
கிணற்றுத் தண்ணி நாள்விட்டு நாள்.
கோயில் வரியைக்கூடத் தனித்தனி ரசீதில் கட்டுகிறார்கள்.
(அவரும் இதே மாதம் கூப்பிட்டார்.
அங்கேயும் பஞ்சு என்றுதான் சொன்னேன்.)

மயில்சாமி பாவு எடுக்கப் போயிருந்தார்.
அவர் சம்சாரம் பூங்கோதை
ஜிஎஸ்டிக்கு இன்றே கடைசி நாளென்று
சுட்டியைப் பிடித்தபடி நின்றார்.

பிங் அடித்தேன்.
போய் வந்தது. போனது, வரவில்லை.
போய் வந்தது.
கறுப்புத் திரையில் இன்னும் ஒரு கட்டளை.
வீட்டு வாசல் எண் ஒன்றுதான், கடைசியில் ஒன்று புள்ளி ஒன்று.
திறக்கிற ஆள் மட்டும் மாறி மாறி வந்தார்.
"இன்னொரு ரவுட்டர் வெச்சிருக்கீங்களாக்கா?"
"இல்லீங்."
அந்தப் பதில்
இந்த வீட்டில் நான் பார்த்த எதையும்விட வேகம்.

பட்டியலில் ஒரு பிரிண்டர் இருந்தது.
சுற்றிப் பார்த்தேன், வீட்டில் இல்லை.
சோதனைப் பக்கம் ஒன்று அனுப்பினேன்.

சுவருக்கு அப்பால் ஏதோ செருமியது.
உருளை சுற்றித்
தாளை இழுக்கும் சத்தம்.
பிறகு ஒரு தாழ்ந்த குரல், பிளாக் இடுக்கில்:
"பூங்கோதை, என்னமோ கலர்கலராப் பட்டை வருது,
உன்ற பில்லா?"

எனக்கு அந்தப் பிரிண்டரைத் தெரியும்.
பாகப் பத்திரம் எழுதின வாரம்
அது ரிப்பேருக்கு என் கடையில் கிடந்தது.
பித்தளை அண்டா வரைக்கும் எண்ணி எழுதியவர்கள்
இதை விட்டுவிட்டார்கள்.

அரிசி மூட்டையை நகர்த்தினார் பூங்கோதை.
சுவரடியில் விரல் நுழையும் ஓட்டை,
அதில் சாம்பல் நிறக் கேபிள்.
"ஸ்ரீநிதா போட்டுக் குடுத்தா. பெரியவிய மக,
பாலிடெக்னிக் ரெண்டாவது வருசம்.
குப்பை கொட்டப் போறப்ப
அக்கா பில்லைக் கைமாத்திருவாங்க.
அவருக்குச் சொல்லீராதீங்க."
எந்த அவர் என்று நான் கேட்கவில்லை.
கேபிளின் தலையைத் திருப்பிப் பார்த்தேன்.
நிற வரிசையில் பிசகில்லை.
என் கடிப்பைவிட நேர்.

பிடுங்கினால் ஒரு நொடி வேலை.
பிடுங்கவில்லை.
அண்ணன் ரவுட்டர் ஒன்றாகவே இருக்கட்டும்,
தம்பியுடையது இரண்டு.
முகவரி வழங்கும் அதிகாரம் இனி அந்தப் பக்கத்துக்கு மட்டும்.
இந்தப் பக்கம் கணினி, டிவி, மயில்சாமி போன்
மூன்றுக்கும் கையாலேயே எண் எழுதி
வாசல் இரண்டு என்று வைத்தேன்.
பிங் அடித்தேன். போய் வந்தது, போய் வந்தது,
நூறு தரம், ஒன்றும் சாகவில்லை.

மூட்டையைப் பழைய இடத்துக்குத் தள்ளும்போது
வண்டிச் சத்தம். மயில்சாமி.
"என்ன தம்பி, பஞ்சா?"
"இல்லீங்ணா, விலாசக் குழப்பம்."
"எச்சா எவ்வளவு?"
"எரநூறு குடுங்."

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை,
பூங்கோதையிடமும் சொல்லவில்லை.
நோம்பிக்கு ஒறம்பரை வந்து
இந்த வீட்டு வைஃபையில் எத்தனை போன் ஏறினாலும்
அவ்வளவும் அண்ணன் கணக்கில்தான் ஓடும்.