நாலாயிரம் பிராங்க்

ஊரின் பெயர் கூர்.
கேட்டதும் கஜீபன் சிரித்தான்:
"எங்கயோ குத்தப்போகுது மச்சான்."

சனி காலை எட்டரை.
கேபிள் காருக்கு வெளியே, கொக்கியில்,
இறைச்சிக்கடைத் தொடைகள் போல் ஆடின
எங்கள் வாடகைச் சைக்கிள்கள்.
உள்ளே நாங்கள்,
முழங்கால் காப்புகள் முட்டிக்கொள்ள.
மேலே ஏற ஏறச் சிறுத்தன
கூரைகள், தண்டவாளம், ரைன் ஆறு.
சிறுக்காமல் நடுவில் இருந்தது
மூன்று வருடக் கடன்.
சீட்டை எடுத்தது அவன்.
பிணை நின்று கட்டியது நான்.
வரச்சொல்லிக் கூப்பிட்டதும் அவன்தான்.
"சைக்கிள் காசைப் பிறகு தாறன்" என்றதும்.

உச்சியில், ஹெல்மெட் வாரை இறுக்கியபடி
ஊர்சினா என்ற பயிற்சியாளர் சொன்னாள்:
"மரத்தைப் பார்த்தால் மரத்தில்தான் இடிப்பீர்கள்.
போகவேண்டிய இடத்தைப் பாருங்கள்."
நான் கஜீபனின் முதுகைப் பார்த்தேன்.
முதல் வளைவிலேயே
அவன் பின்சில்லில் இடித்தேன்.

பிறகு பாதை எங்களை எடுத்துக்கொண்டது.
ஈர வேர்கள், விலாங்கின் முதுகுகள்.
பற்கள் தாளம் போட,
பெடலில் எழும்பி நின்று
தொண்டை கிழியக் கூவினோம்,
நாற்பத்து மூன்று வயதில்,
பைன் மரங்கள் மட்டும் கேட்க.

இரவு விடுதியில் உருளைக்கிழங்கும் உருகிய சீஸும்.
பையிலிருந்து அவன் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து
முதலில் என் தட்டில் தூவினான்.
பிரேக்கைப் பற்றிக் கதைத்தோம்.
டயர்க் காற்றைப் பற்றி, ஒரு மணிநேரம்.

ஞாயிறு, பனிமூட்டம்.
வளைவு தாண்டினால் பாதை நடுவே மாடு.
முன் பிரேக்கை முழுதாய்ப் பிடித்தான்.
சைக்கிள் நின்றது, அவன் நிற்கவில்லை.
மாடு அசையவில்லை.
அசைபோட்டது.

சாம்பல் முகத்தோடு, காறை எலும்பைப் பொத்திக்கொண்டு,
முதலில் கேட்டான்:
"சைக்கிளுக்கு ஒண்டுமில்லையே?
டிப்பாசிட் உன்ர பேரிலயெல்லோ."

இரண்டு கைகளில் இரண்டு சைக்கிள்.
உருட்ட விட்டால் ஓடும், பிடித்தால் சறுக்கும்.
பின்னால் அவன்,
என் ஜாக்கெட் கையால் தோள் கட்டி,
ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு "ஐயோ".

மூன்றாவது திருப்பத்தில் தொடங்கினான்:
"மச்சான், அந்தக் காசு..."
"குனிஞ்சு வா, கொப்பு கிடக்கு" என்றேன்.
கொப்பு இருந்தது உண்மை.
தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில்.

மாலை ரயில். வாலன் ஏரி இருட்டத் தொடங்குகிறது.
ஊசி மயக்கத்தில் என் மேல் சாய்ந்து தூங்குகிறான்,
வாயோரம் எச்சில்.
வளைந்த பிரேக் லீவர் அறுபது.
ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி முப்பத்தைந்து.
இரண்டு நாள் சைக்கிள் வாடகை நூற்று எழுபது.
தோளை அசைக்காமல் கூட்டிப் பார்த்தேன்:
நாலாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து.

கணக்குச் சரி.
டிக்கெட் பார்க்க வந்தவரிடம்
உதட்டில் விரல் வைத்து
இரண்டு பேருடையதையும் நீட்டினேன்.
அவனுடையதும் நான் எடுத்ததுதான்.
அதைக் கூட்ட மறந்துவிட்டேன்.