தாங்கி

பட்டர்வொர்த் துறைமுகத்தில் என் பெயர் தாங்கி.
குணாளன் என்று கூப்பிட்டால்
வேறு யாரையோ என்று இருந்துவிடுவேன்.
மலாயில் தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி.
தமிழில் தாங்கிக்கொள்பவன்.
இரண்டுமாய் நான் நின்றது ஒரே ஒரு ராத்திரி.

டுரியான் கொட்டோ கொட்டென்று கொட்டிய வருஷம்.
பாலிக் புலாவிலிருந்து ஆ கியோங் போன் செய்தான்:
"பன்னி வருது. நல்ல பழமாப் பார்த்துத் தின்னுது.
மட்டத்தை எனக்கு வைக்குது."
சவரிநாதன், இளஞ்செழியன், ஒட்டுக்கடை மேகநாதன், நான்,
வேனில் பாலம் கடந்து போனோம்.
துப்பாக்கி என்னுடையது. லைசன்ஸ் என்னுடையது.
வாய் மட்டும் சவரிநாதனுடையது.

சரிவில் நாலு பக்கத்துக்கு நாலு பேர்.
தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்,
பன்றிக்கு அல்ல, பழத்துக்கு.
இருட்டில் எங்கோ ஒன்று தொப்பென்று விழும்.
விரல் விசைக்குப் போகும், திரும்பும்.
தொப். போகும். திரும்பும்.
இரண்டு மணிக்கெல்லாம் அந்த விரல்
என் பேச்சைக் கேட்பதை விட்டிருந்தது.

அப்புறம் கோப்பி,
இலை அசைந்தாலும் ஊரைக் கூட்டும் என் நாய்,
வாயை மூடிக்கொண்டது.
மெல்ல எழுந்து, வேன் நின்ற பக்கமாய் நடந்தது.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஈரச் சாக்கின் வாடை.
குழலோடு கட்டியிருந்த டார்ச்சைப் போட்டேன்.
பத்தடி.
முன்னங்காலால் பழத்தை அமுக்கி
மூக்கால் ஒரு நெம்பு.
சுற்றுலாக்காரர்களுக்கு ஆ கியோங் கத்தியால் பிளப்பானே,
அதே இடம், அதே கோடு.
மீசை மயிரில் மஞ்சள் சதை.
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது,
சோற்று நேரத்தில் கதவைத் தட்டியவனைப் பார்ப்பதுபோல.

சுட்டேன்.

முழங்காலில் ஏதோ உரசிப் போனது,
தேங்காய் நாரைச் சூடாக்கித் தேய்த்த மாதிரி.
"பட்டுருச்சு! பட்டுருச்சு!" என்று சவரிநாதன் கத்த
மூன்று பேரும் பள்ளத்தில் இறங்கி ஓடினார்கள்.
எனக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஒன்பது குண்டில் ஏழு மலைக்குள்.
இரண்டு, ஆ கியோங்கின் நீலத் தொட்டிக்குள்.
மூன்று வாரமாய் மழையில்லை,
கன்றுகளுக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தான்.
துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு
இடது கட்டைவிரலை ஒரு ஓட்டையில் வைத்தேன்,
வலதை இன்னொன்றில்.

அப்படி நின்றபோதுதான் அது திரும்பி வந்தது.

அவசரமே இல்லை.
விட்ட பழத்தை முடித்தது.
கொட்டையைக் கடித்தது, யாரோ கல்லுடைக்கிற சத்தம்.
என் காலடியில் தேங்கிய சேற்றுத் தண்ணீரைக் குடித்தது.
பூட்ஸை முகர்ந்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது.
மூன்று எட்டில் துப்பாக்கி,
டார்ச் இன்னும் அணையாமல்
கிளைகளை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.
விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.
கருணை என்று நினைத்துவிடாதீர்கள்.
முந்நூற்று எண்பது வெள்ளித் தொட்டி அது.
தவிர, முழங்கால் இரண்டும் அப்போது என்னிடம் இல்லை.

ஹெல்மெட் கண்ணாடியில் என் மூச்சு படிந்து படிந்து
பன்றி மங்கிக்கொண்டே போனது.
துடைக்கக் கையில்லை.
அது கிளம்பியதை நான் பார்க்கவில்லை.

முதல் வருஷம் சவரிநாதன் கதையில் எண்பது கிலோ.
மேகநாதன் மகள் கல்யாணப் பந்தியில் நூற்றைம்பது,
கோரைப் பல்லும் முளைத்திருந்தது.
தொட்டிக்குப் பின்னால் நான் ஒளிந்தேனாம்.
ரசத்தை ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினேன்.

ஜூன் மாதம், ராத்திரி ஷிப்டு,
பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்தால்
கடலுக்கு அந்தப் பக்கம் தீவெல்லாம் விளக்கு,
மலை மட்டும் கறுப்பு.
நெம்புகோலில் இருக்கிற இரண்டு கட்டைவிரலும்
நனைந்ததுபோல் சுருங்கும்.

ஆ கியோங் டயர் ரப்பரை வெட்டி ஓட்டையை அடைத்தான்.
மூன்று தவணையில் காசை வாங்கிக்கொண்டான்.
கோப்பியை விடிந்தபின் வேனுக்கடியில் கண்டுபிடித்தோம்,
வாயெல்லாம் டுரியான் நாற்றம்.
யாரோடு தின்றது என்று
கடைசிவரை சொல்லவில்லை.