ஓடாத கிலோமீட்டர்

ஹாகன். செவ்வாய், காலை எட்டு நாற்பது.
மழை விட்டபின்தான் பார்க்கவேண்டும் என்று
முதலே சொல்லிவிட்டேன்.
ஈரத்தில் கீறல் ஒளிந்திருக்கும்
காய்ந்தபின் கடிதமாய் வரும்.
சுகிர்தாவுக்கு வந்தது, எண்ணூற்று அறுபது யூரோ.

பிரிங்க்மன் குந்தியிருந்து
கதவுக் கீறலின்மேல்
இரண்டு யூரோக் குற்றியை வைக்கிறார்.
உள்ளே அடங்கினால் தேய்மானம்,
வெளியே நீண்டால் சேதம்.
அடங்கியது.

"இந்தக் குழிவு?"
அது கார் வந்த நாளே இருந்தது.
படம் இருக்கிறது, திகதியோடு.
நான்கு வருடமாய்
மகனின் பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில்.
கண்ணாடியை உயர்த்தி
காரை விட்டு என்னைப் பார்க்கிறார்.

முன் பம்பரின் அடியில் இன்னொன்று,
குனியாமல் தெரியாது. நானே காட்டினேன்.
இரவு வேலை முடிந்த ஒரு விடியல்,
ஆஸ்பத்திரித் தரிப்பிடம்,
தூண் விலகவில்லை.
அது என் கணக்கு, எழுதுங்கள்.

நாற்பதாயிரம் ஓடலாம் என்று ஒப்பந்தம்.
ஓடியது முப்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது.
இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள்
கூடினாலும் கேட்கமாட்டார்கள்
குறைந்தாலும் தரமாட்டார்கள்.
பக்கம் ஆறு. தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன்.

மிச்சம் இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது.
லா கூர்நெவில் தங்கச்சி வீட்டுக்கு
இருதரம் போய்வரலாம்.
அதற்கும் மிச்சத்தில் ஒருதரம் வெளிக்கிட்டு
ஆகன் எல்லையோடு மனம் மாறித் திரும்பலாம்.

அவள் புருசன் வான் எடுக்க
பிணைக்குக் கையெழுத்துக் கேட்டாள்.
பதினொரு பக்கத்தையும்
அகராதியோடு இருந்து வாசித்தேன்.
அவன் கட்டத் தவறினால் முழுத் தொகையும் நான்.
மாட்டேன் என்றதைக்கூடப் பொறுத்திருப்பாள்.
"என்ர வீட்டில இருந்துகொண்டு
வாசிச்சியே அக்கா" என்றாள்.

பிரிங்க்மன் படிவத்தை நீட்டுகிறார்:
வழமையானதுதான், இங்கே கையெழுத்து.
வாசிக்கிறேன்.
அவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
இன்னும் வாசிக்கிறேன்.
பம்பர் ஒன்று. குழிவு இல்லை.
எனக்கொரு பிரதி.

இரண்டு திறப்பையும் வைத்துவிட்டு
பஸ் தரிப்புக்கு நடக்கையில் கூப்பிட்டு ஓடிவந்தார்.
முன் லாச்சியில் கிடந்ததாம், காருக்கு உரியதல்லவாம்:
மங்கிப்போன ஒரு பிரெஞ்சுத் தரிப்புச் சீட்டு.

இரண்டு மணித்தியாலத்துக்குக் கட்டியிருக்கிறேன்.
அன்று நாற்பது நிமிடத்தில் எழும்பி வந்தது.