அது நேத்து

உள்ளங்கையில் ஊர்ப்பேரை எழுதிக்கொள்வேன்,
வேன் மெயின்ரோட்டைவிட்டு இறங்குவதற்குள்,
நீல பால்பாயிண்டில்.
இன்று வைகாசிப் புழுக்கம்.
தலைஞாயிறு தாண்டி, காற்றில் உப்புக் கரிக்கிற ஊர்.
மைக்கைப் பிடித்த கையில்
பேர் கரைந்துபோயிருந்தது.

"வணக்கம் கோட்டூர்!" என்றேன்,
ஃப்ளெக்ஸ் படத்துக்காக
மன்னார்குடி ஸ்டுடியோவில் பழகின
அதே சிரிப்போடு.

ஜெனரேட்டர் மட்டும் பதில் சொன்னது.
கீபோர்டு குணாளன் குனிந்து
இல்லாத ஒரு பட்டனைத் தேடினான்.
டியூப்லைட் வெளிச்சம் தீர்ந்துபோகிற இடத்துக்கும் அப்பால்
பைக்குகள் நின்ற இருட்டிலிருந்து
ஒரு குரல்:
"அது நேத்து!"

பின்னாலிருந்து கிளம்பிய சிரிப்பு
பாய்களைத் தாண்டி
முன்வரிசை நாற்காலிகளுக்கு வந்து சேர்ந்தது.
இந்தப் பக்கம் தண்ணீர்கூட
அந்தத் திசையில் வராது.

பதினொரு வருஷமாய்
தலைகளுக்கு ஒரு சாண் மேலே பார்த்துத்தான் பாடுகிறேன்.
அப்படிப் பார்த்தால்
தன்னைத்தான் பார்க்கிறாள் என்று
ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொள்வார்களாம்.
ஒருத்தரும் நினைத்திருக்க மாட்டார்கள்.
ஒரு சாண் மேலே ஈசல்தான் இருக்கிறது.

கண்ணை இறக்கினேன்.
"சரி, இது எந்த ஊர்? நீங்களே சொல்லுங்க."
கீழத்தெரு ஒரு பேரைக் கத்தியது,
வடக்குத்தெரு வேறொன்றை.
பஞ்சாயத்து போர்டில் இருப்பது மூன்றாவதாம்.
அதே இருட்டுக் குரல்
சண்டையை முடித்து வைத்தது:
"கடமடைன்னு வெச்சிக்க ஆயி.
மேட்டூரு தண்ணி வந்து சேர
முப்பது நாள் ஆவும்.
நீ பரவால்ல,
அஞ்சு நிமிசத்துல வந்துட்ட."

பாடினேன்.
சைக்கிள் கேரியரில் நின்ற பையனுக்கு ஒரு வரி,
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றிய
சிவப்பு ரவிக்கைக்கு ஒன்று.
இருட்டுக்கு மட்டும் எப்படிப் பாடுவதென்று தெரியாமல்
கொஞ்சம் கூடுதலாகவே அங்கே பார்த்தேன்.

இரண்டாம் சரணத்தில்
பஜ்ஜி போடுகிறவள்
மேடைக்கு முதுகைக் காட்டியபடியே
சட்டி விளிம்பில் கரண்டியைத் தட்டினாள்.
தாளத்துக்கு இல்லை, எண்ணெய் வடிய.
அரை மாத்திரை நின்று
அவள் தட்டலில் எடுத்தேன்.
ரபீக்கின் பேடு தடுக்கி விழுந்து
திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தது.
அவள் திரும்பவில்லை.
அடுத்த ஈடு எடுக்கையில்
மறுபடி தட்டினாள்,
இந்த முறை கொஞ்சம் சத்தமாய்.
எண்ணெய்க்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்று மணிக்கு வேன் கிளம்பியது.
பேசிய பணத்தில் ஐந்நூறு குறைவு,
மடியில் நியூஸ்பேப்பர் பொட்டலம்,
ஆறிப்போன வாழைக்காய் பஜ்ஜி, யார் கொடுத்ததோ.
ரபீக் இன்னும் பேசவில்லை.

நாளைக்குக் கீழ்வேளூர்.
மறக்கமாட்டேன் என்று தெரியும்.
என்றாலும் எழுதினேன்,
யார் கேட்டாலும் காட்டுகிற மாதிரி
புறங்கையில்.