வீடு திரும்ப

இரவு பதினொன்றே கால். கோவன் பக்கம் ஒரு லோரோங்.
எண்ணைச் சொல்ல மாட்டேன்,
குடியிருப்பவர்கள் ஏற்கெனவே என்மேல் கடுப்பில் இருக்கிறார்கள்.

என் கையில் நாலரை மீட்டர் பிவிசி குழாய்,
நுனியில் சிவப்புத் துணி.
ஷொஹாக்கின் கையில் டேப்பின் முனை.
பூஜ்யத்தை விட்டுவிடாதே என்கிறேன்.
கொசு கடித்தும் விடவில்லை அவன்.

வரப்போவது ஒரு வீடு.
செனாயிலிருந்து, பாலம் தாண்டி, ஆறு பெட்டிகளாக.
ஒட்டி முடித்த தரையோடு,
கதவில் தொங்கும் சாவியோடு,
இன்னும் ஒரு முகத்தையும் பார்க்காத
குளியலறைக் கண்ணாடியோடு.
வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள், கட்டியாயிற்று.
கொண்டுவந்து பார் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

பெட்டியின் அகலம் மூன்று மீட்டர் இருபது.
சந்தின் அகலம் ஐந்து, வரைபடத்தில்.
வரைபடத்தில் பூந்தொட்டி இல்லை,
சாக்கடை மூடியில் விரிசல் இல்லை,
ஒருவரும் வெள்ளை வேனை
வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதில்லை.

முதல் விளக்குக் கம்பம், தாராளம்.
இரண்டாவது, பரவாயில்லை.
அதைத் தாண்டி மழைமரம்
ஒரு கிளையைத் தாழ்த்தி
என் சிவப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தது.
வெட்ட அனுமதி கேட்டால் மூன்று வாரம்.
மைனாக்களுக்குப் படிவம் இல்லை.

மூன்றாவது கம்பத்தடியில் வளைவு.
அங்கே,
கிரேனின் இடது கால் ஊன்ற
பகலில் நான் சுண்ணக்கட்டியால் போட்ட பெருக்கல் குறிக்குமேல்
யாரோ மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள்.
இரண்டு ஆரஞ்சு. ஒரு கிண்ணம் சோறு.
பாதி எரிந்த காகிதப் பணம்.
ஏழாம் மாதம்.
ஷொஹாக் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.
டேப்பை உயரத் தூக்கி
சாப்பிட வந்தவர்களின் தலைக்கு மேலாக அளந்தோம்.

லாரி ஓட்டப்போகும் அஸ்மான்
இன்று வெறும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான்.
வளைவில் நின்று, இரு கைகளையும் விரித்து,
ஒரு வீட்டைப்போல
மெல்ல, மிக மெல்லத் திரும்பினான்.
"தலை போயிடும். வால்?"
ஆனை நுழைந்து வால் சிக்கிய கதையை
எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.
வாலுக்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர் குறைகிறது.

பதினேழாம் எண் கதவு திறந்தது.
அரைக்கால் சட்டையில் திரு. சியாவ்.
"எத்தனை ராத்திரி?"
"ஒன்று."
"ஒன்று என்றால் மூன்று."
"ஆமாம்."
பக்கத்து வீட்டை இடித்தபோது
தன் மீன்தொட்டி கீறியதைச் சொன்னார்.
எந்த மீன் செத்தது என்றும் சொன்னார்.
அப்புறம் தன் தபால்பெட்டிக் கம்பத்தை
செருப்புக் காலால் தட்டி,
"இதைப் பிடுங்கிக்கோ. கடிதம் எங்கே வருது, பில்தான்.
திரும்ப இதே இடத்தில் நட்டுத் தரணும்."
உள்ளே போய் விளக்கை அணைத்தார்.

கம்பம் போனால் இருபது கிடைக்கும்.
மிச்சம் எட்டு.
அஸ்மான் உள்ளங்கையை நீட்டினான்,
கட்டைவிரலை மடக்கி:
"எட்டு இவ்வளவுதான். என்கிட்ட விடுங்க."
டேப் வைத்துப் பார்த்தேன். எட்டேதான்.
உள்ளங்கையை எழுத
என் படிவத்தில் கட்டமில்லை.

நிபந்தனைகள் என்ற இடத்தில் எழுதினேன்:
கிளை. வேன். தபால்பெட்டி. சாக்கடைமேல் இரும்புத் தகடு.
ஏழாம் மாதம் முடியட்டும்
(வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார்).
கீழே, அவசரத்தில்,
‘வீடு திரும்ப இடம் உண்டா’ என்று எழுதிவிட்டு
பேனாவை எடுத்தேன்.

ஷொஹாக் மணி பார்த்தான்.
காக்கி புக்கிட் விடுதிக்குப் போகும் கடைசி லாரி
பன்னிரண்டு இருபதுக்கு.
கொமிலாவுக்குப் போய் நாலு வருஷம் என்று
நேற்று டீ குடிக்கும்போது சொன்னான்.
நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

போகலாம் என்றேன்.
அவன் விரலை எடுத்தான்.
பூஜ்யம் சாலையில் சர்ரென்று ஓடிவந்து
ஆரஞ்சுகளைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி
என் கையிலிருந்த பெட்டிக்குள் புகுந்துகொண்டது,
எங்கும் உரசாமல்.

நாளைக் காலை மறுபடி வர வேண்டும்.
வேன்காரரைப் பிடிக்க வேண்டும்.