மறைக்குது மிஸ்

மின்விசிறியை நிறுத்தினால்தான் குரல் தெளிவாக விழும்.
நிறுத்தினால், குடியாத்தத்து ஏப்ரல்.
நான்கு நிமிடம் நான் தாங்குவேன்.
ஐந்தாவது நிமிடம் கைபேசி தாங்காது,
சூடு அதிகம் என்று எழுதிக் காட்டிவிட்டுக்
கண்ணை மூடிக்கொள்ளும்.
ஈரத்துணியில் சுற்றிப் பானைமேல் கிடத்தி எடுத்து
மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன்.
பக்கத்து வீட்டு விசைத்தறிக்குச் சாப்பாட்டு நேரம்
ஒன்றரை முதல் இரண்டு.
பத்தாம் வகுப்பு இயற்கணிதம் முழுவதும்
அந்த அரை மணிகளுக்குள் நடந்து முடிந்தது.

சிலிண்டர்மேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் அஞ்சறைப்பெட்டி,
அதில் துணிக்கிளிப் கவ்விய கைபேசி.
எதிர்ச் சுவரில் கரும்பலகை.
அஞ்சறைப்பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டேன்
எல்லாருக்கும் புரிஞ்சுதா என்று,
பதினெட்டுப் பாடம், பதினெட்டு முறை.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரைபடம் வரும்,
எந்த நொடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று.
வணக்கம் சொல்லும்போது நூற்றுப் பதினாறு.
பாடத்தின் பெயரைச் சொல்வதற்குள் எண்பது.
அப்புறம் கௌண்டன்யா ஆற்றுத் தண்ணீர் மாதிரி,
இருக்கிறதா இல்லையா என்று
குனிந்துதான் பார்க்க வேண்டும்.
இரவு பதினொன்றுக்கு மேல்தான் கூட்டம்.
பேரணாம்பட்டுத் தோல் கம்பெனியிலிருந்து
அப்பாக்களின் சட்டைப்பையில்
கைபேசி வீடு திரும்பும் நேரம்.
யார் யார் என்று தெரியாது.

ஏழாம் பாடத்தில் மட்டும் ஒரு மேடு.
இரண்டு நிமிடம், பதினொன்றாவது நொடி.
சரிந்துகொண்டே வந்த கோடு
அங்கே விருட்டென்று நிமிர்ந்து
மறுபடி சரிகிறது.
அந்த இடத்தையே பின்னுக்குத் தள்ளித் தள்ளிப்
பார்த்திருக்கிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது, மறைப்பானேன்.
சுகுணவேணி டீச்சரிடம் காட்டினேன்.
நடு உறுப்பைப் பிரிப்பதை
அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டேன் போல என்றேன்.
"எதுக்கும் ஒரு தடவ போட்டுப் பாரேன்" என்றாள்.
என் வீடியோ எதையும் நான் பார்த்ததில்லை.
என் குரல் எனக்குப் பிடிக்காது.

போட்டேன்.
ஆறு எக்ஸ் ஸ்கொயர், கழித்தல் எக்ஸ், கழித்தல் இரண்டு.
பெருக்கினால் கழித்தல் பன்னிரண்டு வரணும்,
கூட்டினால் கழித்தல் ஒண்ணு வரணும்,
அப்போ அந்த ரெண்டு எண் என்ன?
இதோ, என்கிறேன்.
இதோ என்ற இடத்தில் என் முழங்கை.
எழுதி முடித்ததும் தோள்.
தோள் நகர்ந்ததும் டஸ்டர்.

நாற்பத்தொரு பேர்
நள்ளிரவில்
என் ஜாக்கெட் கைக்குப் பின்னால்
இரண்டு எண்களைத் தேடியிருக்கிறார்கள்.

வகுப்பில் இது நடக்காது.
ஜவேரியா உயரம், அதனால் கடைசி பெஞ்ச்.
சாக்பீஸ் பலகையில் பட்டதுமே
"மறைக்குது மிஸ்" என்று வந்துவிடும்.
திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்,
கால் தானாக இடப்பக்கம் ஒதுங்கும்.
பதினாறு வருடம் ஒதுங்கி ஒதுங்கி
அந்த ஓரத்துச் சிமெண்டுத் தரையே
மழமழவென்று ஆகிவிட்டது.
சும்மா கத்தாதே என்று எத்தனை நாள்
அவளை உட்கார வைத்திருப்பேன்.

சனிக்கிழமை. தறி நின்றது.
முதல் முறை கைபேசி சூடாகிவிட்டது,
இரண்டாம் முறை குக்கர்.
மூன்றாம் முறை, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க,
கழித்தல் நான்கு, கூட்டல் மூன்று
எழுதினேன், வாயாலும் சொன்னேன்,
இடப்பக்கம் ஒதுங்கினேன்.

ஒதுங்கி எவ்வளவு நேரம் நிற்பது?
வகுப்பென்றால் பேனாக்கள் ஓய்வது காதில் விழும்.
இங்கே வியர்வை மட்டும் கழுத்தில் இறங்கியது.
ஆளுக்கு ஒரு நொடி என்று மனதுக்குள்
எண்ண ஆரம்பித்தேன்.
முப்பத்தாறில் தறி தொடங்கிவிட்டது.
நகரவில்லை, மிச்சம் ஐந்து பேர் இருந்தார்கள்.
சத்தத்தோடேயே அனுப்பிவிட்டேன்.