அழிக்கும் விசை

பத்து மணிக்கே கமன்சாகா மலையேறிவிட்டது.
கடலிலிருந்து வரும் மூடுபனிக்கு
இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.
ஆடியில் ஈரம் படக்கூடாதென்று குவிமாடத்தைச் சாத்தினோம்.
யெர்கோ சொன்னான்:
இன்றைக்கு நட்சத்திரம் கிடையாது,
ஷெல்லையாவது கம்பைல் செய்வோம்.

நான்கு இயந்திரம்.
குவிமாடத்தைச் சுழற்றும் கிழட்டு சோலாரிஸ்,
குளிரூட்டியைக் காவல் காக்கும் நெட்பிஎஸ்டி,
படங்களை வாங்கி வைக்கும் லினக்ஸ்,
யார் வாங்கினார்கள் என்றே தெரியாத ஒரு ஏஐஎக்ஸ்.
எல்லாம் யுனிக்ஸ் வம்சம்தான்,
அதனால்தான் பங்காளிச் சண்டை.

சோலாரிஸில் ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டி
அழிக்கப் போனால்
ஒரு கூரைக் குறி, ஒரு எச்.
தப்புக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர்
வந்து நிற்பார்கள்.
ஆறு வருடமாக அந்த விசைப்பலகை முன்னால் மட்டும்
தப்பே செய்யாதவர்களாக இருந்தோம்.

ஒரே மூலநிரலை நான்கிலும் அவிழ்த்தோம்.
கன்ஃபிகர் என்றதும்
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரி
ஆரம்பித்தது விசாரணை.
சி கம்பைலர் உண்டா? உண்டு.
ஃபோர்க் உண்டா? உண்டு.
கர்சஸ் உண்டா?

லினக்ஸ் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு
சும்மா உட்கார்ந்தது.
நெட்பிஎஸ்டி மெதுவாக, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல்.
ஏஐஎக்ஸ் எல்லாவற்றுக்கும் உண்டு உண்டு என்று தலையாட்டி
இணைக்கும் நேரத்தில் கையை விரித்தது.
அதை அப்புறம் பார்க்கலாம் என்றோம்.
இன்னும் பார்க்கவில்லை.

சோலாரிஸ்தான்.
மேக்ஃபைலில் நாற்பத்தொன்றாம் வரி
எதிர்பாராமல் முடிந்துவிட்டதாம்.
எல்லா வரியும் எங்கேயோ முடியத்தானே வேண்டும்
என்று கத்தினான் யெர்கோ.
எதெல்மிரா தேநீரோடு வந்தாள், நின்று படித்தாள்,
குனூ மேக்கைக் கூப்பிடச் சொன்னாள்.
நாற்பத்தொன்று தாண்டியது.
அடுத்து, டிகெட்எண்ட் யாரென்றே
தனக்குத் தெரியாது என்றது.
கர்சஸ் பெயரைக் கட்டளையின் கடைசியில் எழுது,
முன்னால் எழுதினால்
யாரும் கேட்பதற்கு முன்பே அது போய்விடும் என்றாள்.
எழுதினோம். தேநீர் ஆறிப்போயிருந்தது.

நாலேகாலுக்குத் திரையில் டாலர் குறி விழுந்தது.
யெர்கோ வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாகத் தட்டினான்.
அழித்தான்.
அழிந்தது.
இன்னொரு தப்பு. அதுவும் அழிந்தது.
நீயும் ஒருமுறை செய்து பார் என்று
நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

அப்போதுதான் எதெல்மிரா
ஈரப்பதமானியின் பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
இரண்டே முக்காலிலிருந்து மூன்றரை வரை
வானம் திறந்திருந்திருக்கிறது.

யாரும் பேசவில்லை.
நாங்கள் நாற்பத்தொன்றாம் வரியில் இருந்தோம்.
வெளியே பனி திரும்ப வந்து
விளக்குக் கம்பத்தைப் பாதியோடு நிறுத்தியிருந்தது.

இரவுப் பதிவை யெர்கோதான் எழுத வேண்டும்,
சோலாரிஸில்தான் எழுத வேண்டும்.
‘மூடுபனி, இரவு முழுதும்’ என்று தட்டினான்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு
அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்
ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.